லொறிக்கு இடப்பக்கம் போகாதீர்கள்: புதிதாக மோட்டார் சைக்கிள் எடுத்தவர்களுக்கு

பெரிய லொறிகளுக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக ஓட்டுவது என்று வந்தால் முக்கால்வாசி விஷயம் ஒன்றுதான்: லொறியின் இடப்பக்கத்தில், அதாவது லொறிக்கும் வடிகானுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒடுங்கிய இடத்தில், நீங்கள் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது, புகுந்து முன்னுக்குப் போகவும் கூடாது. தூரம் விடுவது, முந்துவது, மழை, காற்று, இரவு எல்லாம் இதற்கு அப்புறம்தான். ஆனால் எங்கள் கிழக்கிலங்கைப் பக்கம் கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு சந்தியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், மோட்டார் சைக்கிள்காரர், சைக்கிளில் டியூஷன் போகிற பிள்ளைகள், பின்னால் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற ஸ்கூட்டி அக்காமார், எல்லோருக்கும் பிடித்த இடம் அதுதான். ஓரமாகப் போனால் ஒன்றும் வராது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்த பழக்கம். லொறி இல்லாத வீதியில் அது சரி. லொறி இருந்தால் அந்த ஓரம்தான் ஆகக் கூடாத இடம். ஏன் என்று விளங்கிக்கொண்டால் சட்டம்போல மனப்பாடம் பண்ணத் தேவையில்லை, கை தானாகவே பிரேக்குக்குப் போகும்.

லொறி என்று சொல்லும்போது நான் எல்லாப் பெரிய வண்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதுளை வீதியால் வந்து செங்கலடிச் சந்தியில் ஏறுகிற மணல் டிப்பர், அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் மூட்டை அடுக்கிக்கொண்டு ஓடுகிற நெல் லொறி, வாழைச்சேனையிலிருந்து இரவில் வெளிக்கிடுகிற மீன் கூலர், எண்ணெய் பவுசர், சீமெந்து ஏற்றி வருகிற நீளமான கன்டெய்னர், அம்பாறையில் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு கொண்டுபோகிற வண்டிகள். பெட்டி பூட்டிய உழவு மெசினையும், அதாவது டிராக்டரையும், இதில் சேர்க்க வேண்டும், அதன் குணம் கொஞ்சம் வேறு, பிறகு சொல்கிறேன்.

முதலில், சாரதிக்கு என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்போம். நாங்கள் கீழிருந்து பார்க்கும்போது அவர் உயரத்தில் இருக்கிறார், பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார், ஆகவே அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். தூரத்தில் இருப்பது உண்மையாகவே எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கிட்ட இருப்பதுதான் தெரியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாரதியின் கண் நிலத்திலிருந்து 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள், கதவுக் கண்ணாடியின் கீழ் விளிம்பு 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் நாட்டில் சுக்கான் வலப்பக்கம், ஆகவே வலப்பக்கக் கதவு அவருக்கு அரை மீட்டர் தள்ளி இருக்கிறது, இடப்பக்கக் கதவோ இரண்டு மீட்டர் தள்ளி. வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் கதவிலிருந்து ஒரு மீட்டர் சொச்சத்திலேயே அவருக்குத் தார் தெரியத் தொடங்கிவிடும். இடப்பக்கம் அதே தாரைப் பார்க்க, லொறியிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அந்த ஐந்து மீட்டருக்குள் நிலத்தில் என்ன கிடந்தாலும் கதவு மறைத்துவிடும். மோட்டார் சைக்கிளில் இருக்கிறவரின் தலை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம். அவர் லொறியை ஒட்டி அரை மீட்டருக்குள் வந்தால் ஹெல்மெட்கூட அந்தக் கண்ணாடியால் தெரியாது. கொஞ்சம் தள்ளி வந்தால் ஹெல்மெட்டின் உச்சி மட்டும் தெரியும், அதுவும் சாரதி அந்த நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால். லொறிக்கு லொறி அளவுகள் மாறும், ஆனால் வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் மாறாது.

சரி, சைட் கண்ணாடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது பின்பக்கத்தை ஒரு ஒடுங்கிய துண்டாகக் காட்டும், பக்கவாட்டில் கதவுக்கு நேரே இருப்பதைக் காட்டாது. இடப்பக்கக் கதவுக்கு மேலே நிலத்தைப் பார்க்கிற குவிந்த கண்ணாடி ஒன்று சில புது லொறிகளில் வருகிறது, பழைய லொறிகள் பலவற்றில் இல்லை, இருக்கிறதிலும் தூசி. முன்கண்ணாடியில் பூ மாலை, சாமிப் படம், ஓதல் எழுதிய ஸ்டிக்கர், திரைச்சீலைக் குஞ்சம் என்று தொங்குவதையும் கணக்கில் எடுங்கள், அதெல்லாம் அழகுதான், ஆனால் இடப்பக்க மூலையில்தான் அதிகமாகத் தொங்கும். முன்பக்கமும் இப்படித்தான்: மூக்கு இல்லாத தட்டை முகம் உள்ள லொறிக்கு முன்னால் இரண்டு மீட்டருக்குள் நிற்கிற சின்னப் பிள்ளை சாரதிக்குத் தெரியாமல் போகலாம். சந்தை வீதியில் நெரிசலில் நிற்கிற லொறிக்கு முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பின்பக்கம் சொல்லத் தேவையில்லை, காரில் இருப்பதுபோல நடுக் கண்ணாடியில் பின்னால் பார்க்கிற வசதி லொறியில் கிடையாது, பெட்டி மறைக்கும். அமெரிக்காவில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது லொறிக்கு முன்னால் 20 அடியும் பின்னால் 30 அடியும் மறைவிடம் என்று கணக்குச் சொல்வார்கள். ஒன்று கவனியுங்கள், அவர்களுடைய படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன, அதில் வலப்பக்கம்தான் பெரிய மறைவிடமாகச் சிவப்பு அடித்திருக்கும். அங்கே சுக்கான் இடப்பக்கம், வீதியின் வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள். நாங்கள் அந்தப் படத்தை அப்படியே பார்த்துப் பழகினால் தலைகீழாகப் பழகிவிடுவோம். எங்களுக்கு இடம்தான் பெரிய மறைவு.

நெல் லொறி ஓட்டுகிற எங்கள் சொந்தக்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, ஒருநாள் சொன்னார்: "மகன், இடப்பக்கம் வந்து ஹோன் அடிக்கிறாங்க. எஞ்சின் சத்தத்துக்குள்ள அது எனக்குக் கேக்கவும் கேக்காது, கேட்டாலும் எந்தப் பக்கத்தால வருது என்டு விளங்காது." கிளீனர் இருந்தால் இடப்பக்கம் அவர் பார்ப்பார், கதவில் தட்டிச் சொல்வார். ஆனால் எல்லா டிப்பரிலும் கிளீனர் இல்லை, இருந்தாலும் விடியற்காலை நான்கு மணிக்கு அவர் விழித்திருக்கிறாரா என்பது வேறு கதை.

உங்களுக்குத் தேவையான சோதனை ஒன்றுதான். லொறியின் சைட் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அவர் பார்த்தால் உங்களைக் காணலாம் (பார்ப்பார் என்று அர்த்தமில்லை). தெரியாவிட்டால் நீங்கள் அவருக்கு இல்லை.

இனி இடப்பக்கம் போகக்கூடாது என்பதற்கு இரண்டாவது காரணம், இதுதான் உண்மையில் ஆளைக் கொல்வது: திரும்புவது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சில்லு முன்சில்லு போன பாதையில் போகாது. உள்ளே வெட்டிப் போகும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் ஐந்தரை மீட்டர் உள்ள லொறி, முன்சில்லு 11 மீட்டர் ஆரத்தில் வட்டமடிக்கிறது என்றால், பின்சில்லு அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உள்ளே விழும். ஒரு மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் அகலம் முக்கால் மீட்டர் அளவுதான் வரும். அதாவது ஒரு மோட்டார் சைக்கிளும் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் நிற்கிற இடத்தைப் பின்சில்லு எடுத்துக்கொள்ளும், முன்சில்லு போன தடத்தைப் பார்த்து "போதுமான இடம் இருக்கு" என்று நினைத்தவருக்கு இது தெரியாது. இழுவைப் பெட்டி பூட்டிய கன்டெய்னருக்கு இன்னும் கூட.

இது சாரதிக்குத் தெரியும். ஆகவே அவர் இடப்பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ளோ குறுக்கு வீதிக்குள்ளோ திரும்ப வேண்டுமென்றால், முதலில் வலப்பக்கம் கொஞ்சம் விலகி, வீதியின் நடுவுக்குப் போய், அப்புறம் இடது பக்கம் ஒடிப்பார். அந்த விலகலில் இடப்பக்கம் நல்ல அகலமாக ஒரு வெளி திறக்கும். பின்னால் வருகிற பொடியன் என்ன நினைப்பான்? லொறி வலப்பக்கம் திரும்பப் போகிறது, எனக்கு இடது பக்கம் வழி விட்டிருக்கிறது. புகுந்துவிடுவான். லொறி ஒடிக்கும். முன்பகுதி அவனைக் கடந்து போய்விடும், அதனால் ஒன்றும் ஆகாததுபோல இருக்கும், ஆனால் லொறிப் பெட்டியின் பக்கம் கிட்ட வந்துகொண்டே இருக்கும், ஒரு பக்கம் வடிகான், ஒரு பக்கம் பெட்டி, பின்னால் இரட்டைச் சில்லு. சாரதி மணிக்கு பத்துக் கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டார். வேகத்தால் வருகிற விபத்து இல்லை இது.

காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதி வந்து சேர்கிறது, செங்கலடியில் பதுளை வீதி, இந்த மாதிரிச் சந்திகளில் லொறியின் சிக்னல் இடப்பக்கம் மினுங்கினாலும் சரி, மினுங்காவிட்டாலும் சரி, அது திரும்பி முடியும் வரைக்கும் பின்னால் நிற்பதுதான் ஒரே வழி. காத்தான்குடியில் வீதிக்கு நடுவே ஈச்சமரம் நட்ட பிரிப்பு இருக்கிறது, பார்க்க அழகு, ஆனால் அங்கே லொறிக்கு வலப்பக்கம் விலகி அகலமாக எடுக்க இடம் குறைவு, ஆகவே இடப்பக்கக் கடை வீதிக்குள் திரும்பும்போது பின்சில்லு நடைபாதை விளிம்பிலேயே ஏறும். நடந்து போகிறவரும் அந்த மூலையில் நிற்கக்கூடாது. லொறி நிற்கிறது, சந்தி அடைபட்டிருக்கிறது, முன்னால் போக இடம் இருக்கிறது என்றால்கூட நிற்பது இடப்பக்கமாக இருக்க வேண்டாம், பின்னால் நில்லுங்கள், ஐந்து ஆறு மீட்டர் விட்டு. இரண்டு நிமிடம் போகும். போகட்டும்.

திரும்பும்போது பின்முனை எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பின்சில்லுக்குப் பின்னால் பெட்டி நீண்டிருந்தால், லொறி இடது பக்கம் ஒடிக்கும்போது அந்த வால் வலது பக்கம் வெளியே வரும். கரும்பு, மூங்கில், கம்பி ஏற்றிய வண்டி என்றால் சாமான் இன்னும் நீண்டிருக்கும். ஆகவே வலப்பக்கமும் ஒட்டி நிற்காதீர்கள்.

அடுத்தது நிற்கிற தூரம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற எந்த வண்டியும் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரைச் செக்கன் போய்விடும், அதுவே 25 மீட்டர். அதற்குப் பிறகு நல்ல கார் ஒன்று காய்ந்த தாரில் 20 மீட்டர் அளவில் நிற்கும். பாரம் ஏற்றிய லொறிக்குக் காற்றுப் பிரேக், மிதித்த பிறகு குழாயில் காற்று போய்ச் சேரவே அரைச் செக்கன் அளவு எடுக்கும், அதுவே இன்னொரு எட்டு மீட்டர், அதன் பிறகு முப்பது மீட்டருக்கு மேல். கூட்டிப் பார்த்தால் கார் 45 மீட்டரில் நிற்கிற இடத்தில் லொறி 65 மீட்டர் கேட்கிறது, அதுவும் பிரேக், டயர் எல்லாம் ஒழுங்காக இருந்தால். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து ஓடுகிற தூரம் நான்கு மடங்காகும்.

பௌதிகவியல் படித்த தம்பி ஒருவர் இங்கே குறுக்கே வருவார்: பாரம் கூடினால் டயரின் பிடியும் கூடுமே, தூரம் ஏன் கூட வேண்டும் என்று. நல்ல கேள்வி. புத்தகத்தில் அது சரி. நடைமுறையில் லொறி டயரின் ரப்பர் கூடக் காலம் உழைப்பதற்காகச் செய்தது, கார் டயர் அளவுக்குத் தாரைப் பிடிக்காது. பாரத்தின் சக்தி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது, அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய பிரேக்குக்குப் பிடிப்புக் குறையும். மூட்டை அடுக்கிய சாரதி சட்டென்று முழுப் பிரேக் போடவும் யோசிப்பார், சாமான் முன்னால் வரும், லொறி குறுக்கே இழுக்கும்.

இது உங்களுக்கு எங்கே முக்கியம்? நீங்கள் லொறிக்கு முன்னால் இருக்கும்போது. முந்திக்கொண்டு போய், உடனே இடது பக்கம் வெட்டி, அங்கே ரொட்டிக் கடைக்கு முன்னால் பிரேக் போடுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் லொறிச் சாரதிக்குக் கொடுப்பது பத்து மீட்டர், அவருக்குத் தேவை அறுபத்தைந்து. முந்தினால் உங்கள் கண்ணாடியில் லொறியின் இரண்டு லைட்டும் முழுதாகத் தெரியும் வரைக்கும் வெட்டாதீர்கள், அதன் பிறகும் ஓடிக்கொண்டே இருங்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற தம்பிமாருக்கு இந்த அறிவுரை பயன்படாது, அவர்கள் முந்தாமலே இருக்கலாம்.

லொறிக்குப் பின்னால் ஒட்டிப் போவதன் பிரச்சினை வேறு. உங்கள் மோட்டார் சைக்கிள் லொறியைவிடச் சீக்கிரம் நிற்கும்தான், ஆனால் என்னத்துக்கு நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. முன்னால் முழுவதும் பெட்டி. குழி வந்தால் லொறி அதைச் சில்லுகளுக்கு நடுவில் விட்டுக் கடந்துவிடும், திடீரென்று அந்தக் குழி உங்கள் முன்சில்லுக்கு நேரே வெளியே வரும். கட்டாக்காலி மாடுகள் எங்கள் வீதிகளின் நிரந்தரக் குடிமக்கள், இரவில் தார் சூடாக இருக்கிறதென்று நடு வீதியில் படுத்திருக்கும், லொறி கடைசி நேரத்தில் விலகும், நீங்கள் மாட்டில். எவ்வளவு தூரம் விடுவது? லொறியின் பின்முனை ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று என்று எண்ணுங்கள், மூன்று முடிய முன்னர் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் கிட்டப் போய்விட்டீர்கள். மழைக்கு ஆறு வரை எண்ணுங்கள்.

மணல் டிப்பருக்குப் பின்னால் இன்னும் கூட விடுங்கள். படங்கு ஒழுங்காகக் கட்டாத டிப்பர் காற்றில் மணலைக் கொட்டிக்கொண்டே போகும், கண்ணில் விழும், ஈர மணலென்றால் தண்ணீரும் வடியும். வளைவுகளில் தாரின் மேல் பரவிக் கிடக்கிற மணலில்தான் மோட்டார் சைக்கிள் சறுக்குவது, டிப்பர் எப்போதோ போய்விட்டிருக்கும்.

முந்துவது பற்றி. 50 கிலோமீட்டரில் போகிற பத்து மீட்டர் லொறியை நீங்கள் 65 இல் முந்துகிறீர்கள். பின்னால் 15 மீட்டர் தூரத்தில் தொடங்கி, முன்னால் 15 மீட்டர் தள்ளி உள்ளே வர வேண்டும், உங்கள் வண்டியின் நீளத்தையும் சேர்த்தால் லொறியைவிட 42 மீட்டர் கூட ஓட வேண்டும். வேக வித்தியாசம் 15 கிலோமீட்டர்தான், ஆகவே பத்துச் செக்கன் எடுக்கும். அந்தப் பத்துச் செக்கனில் நீங்கள் 180 மீட்டர் போவீர்கள், எதிரே 70 இல் வருகிற வேன் 194 மீட்டர் வரும். ஆகத் தொடங்கும்போது உங்களுக்கு முன்னால் ஏறத்தாழ 375 மீட்டர் வெறும் வீதி தெரிய வேண்டும். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 வீதியில் ஊர் முடிந்து ஊர் தொடங்குகிறதே தெரியாது, அந்த நீளத்துக்கு ஒரு சந்தியோ பள்ளிக்கூடமோ பஸ் தரிப்பிடமோ இல்லாத இடம் எத்தனை என்று நீங்களே யோசியுங்கள். ஒலுவில் பக்கம், வாகரைப் பக்கம், வயல் நடுவே வீதி நேராகப் போகிற இடங்களில் கிடைக்கும். கிடைக்காத இடத்தில் பின்னால் போங்கள். கல்முனையில் முந்தினாலும் பாண்டிருப்பில் அதே லொறி உங்களுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

முந்தும்போது சிக்னல் விஷயத்தில் ஏமாறக்கூடாது. எங்கள் சாரதிமாரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: முன்னால் வீதி வெறுமையாக இருந்தால் இடது சிக்னல் போட்டு "நீ போ" என்பார்கள், எதிரே வண்டி வந்தால் வலது சிக்னல் போட்டு "வராதே" என்பார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அதே வலது சிக்னல் உண்மையில் வலது பக்கம் திரும்பவும் போடப்படுகிறது, அதே இடது சிக்னல் நிறுத்துவதற்கும் போடப்படுகிறது. வலது மினுங்கினால் எந்த அர்த்தமாக இருந்தாலும் முந்தக்கூடாது, அது சுலபம். இடது மினுங்கினால்தான் சிக்கல்: அவர் கூப்பிடுகிறாரா, இல்லை திரும்புகிறாரா? அவர் கூப்பிட்டாலும் அவர் பார்த்தது அவருடைய வேகத்துக்கும் அவருடைய கணக்குக்கும், உங்கள் 90 சிசிக்கு அல்ல. உங்கள் கண்ணால் அந்த 375 மீட்டரைக் காணும் வரைக்கும் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். எதிரே வருகிற லொறி லைட் அடித்தால் எங்கள் நாட்டில் அது பெரும்பாலும் "நான் வாறன், நில்" என்பதுதான். வெளிநாட்டில் ஓட்டிப் பழகி லீவில் ஊருக்கு வருகிறவர்கள் அதை "நீ வா" என்று எடுத்து வெளியே வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கு வாடகை வண்டி எடுத்துக் கொடுக்கிற மச்சான்மார் இதை முதலே சொல்லிவிட வேண்டும்.

காற்று. இதை எங்கள் பக்கத்தில் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். வேகமாக வருகிற பெரிய லொறி முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், பக்கத்தில் கடக்கும்போது முதலில் உங்களை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். ஸ்கூட்டி போன்ற பாரம் குறைந்த வண்டியில் இரண்டும் நன்றாகத் தெரியும். இதோடு கச்சான் காற்றுக் காலம் சேர்ந்தால் இன்னொரு கூத்து. கச்சான் மேற்கிலிருந்து வீசும், எங்கள் கரையோர வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது, ஆகவே காற்று பக்கவாட்டில் அடிக்கும், நீங்கள் அறியாமலே உடம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மேற்குப் பக்கத்தால் ஒரு லொறி வந்து காற்றை மறைத்ததும் சாய்ந்த பக்கம், அதாவது லொறிப் பக்கமே, வண்டி ஒரு அடி இழுபடும். லொறி கடந்ததும் காற்று திரும்ப அறையும், வெளிப்பக்கம் தள்ளும். புதுக் கல்லடிப் பாலத்தின் மேலும் மண்முனைப் பாலத்திலும் மறைக்க மரமோ மதிலோ இல்லை, அங்கே கூடத் தெரியும். செய்ய வேண்டியது, லொறி கிட்ட வருவதற்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, அதற்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் விட்டு, ஹேண்டிலை இறுக்கி முறுக்காமல் உறுதியாகப் பிடிப்பது. சேலை முந்தானையையும் அபாயாவையும் சில்லுப் பக்கம் போகாமல் ஒதுக்கி வைப்பது எப்போதும் வேண்டும், லொறிக் காற்றில் இன்னும் வேண்டும்.

மாரி மழையில் லொறிச் சில்லு வீசுகிற சேற்றுத் தண்ணீர் ஹெல்மெட் கண்ணாடியை ஒரு நொடியில் மூடிவிடும். அதற்குத் தூரம் விடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

அறுவடைக் காலத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பெரும்போகம் என்றால் தை மாசி பங்குனியை அண்டி, சிறுபோகம் என்றால் ஆடி ஆவணியை அண்டி, வீதியின் குணமே மாறும். வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதை மிதிக்காமல் லொறி நடுவுக்கு வரும், எதிரே வருகிற நீங்கள் ஓரத்துக்குப் போனால் நெல்லில் சில்லு சறுக்கும். நெல்லின் மேல் பிரேக் போடாதீர்கள், அது மணலைவிட மோசம். வெட்டு மெசினை ஏற்றிக்கொண்டு போகிற லொறி பெட்டியைவிட அகலமாக இருக்கும், வெட்டுகிற பகுதி வெளியே நீண்டிருக்கும். உழவு மெசின் மெதுவாகப் போகும், முந்துவது சுகம், ஆனால் பெட்டிக்குச் சிக்னல் வேலை செய்வது அபூர்வம், வலப்பக்கம் வயல் ஒழுங்கை ஒன்று வந்தால் கையைக்கூடக் காட்டாமல் திரும்பிவிடும். சாரதி தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறாரா என்று பாருங்கள், அதுதான் அவருடைய சிக்னல்.

இரவில் அதே பெட்டிக்குப் பின்லைட் இருக்காது. பஞ்சரான லொறி வீதியோரத்தில் லைட் இல்லாமல், பின்னால் ஒரு மரக்கொப்பை முறித்துப் போட்டுவிட்டு நிற்கும். எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிற அந்த இரண்டு மூன்று செக்கனில்தான் நிற்கிற பெட்டியில் போய் மோதுவது. லொறிப் பெட்டியின் அடிப்பாகம் மோட்டார் சைக்கிள்காரரின் நெஞ்சுக்கும் தலைக்கும் நேரே வருகிற உயரம், ஹெல்மெட் அதிலிருந்து காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே எதிர் லைட்டைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள், கண்ணை லைட்டிலிருந்து எடுத்து வீதியின் இடது விளிம்பில் வையுங்கள், உங்கள் லைட் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் இரவில் ஓடாதீர்கள். அம்பாறையிலிருந்து மகாஓயாப் பக்கமும் சியம்பலாண்டுவைப் பக்கமும் போனால் யானையும் சேரும், முன்னால் போகிற லொறி ஆளில்லாத இடத்தில் காரணமில்லாமல் நின்றால் முந்திப் போய் என்னவென்று பார்க்காதீர்கள். அடிபட்டு ஆள் விழுந்து கிடந்தால் 1990 க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள்.

இதையெல்லாம் வாசிப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் லொறி ஒன்று வளவில் நிற்கும்போது கேட்டுக்கொண்டு சாரதி சீட்டில் ஏறி இருங்கள், தம்பியையோ தங்கச்சியையோ ஒரு சைக்கிளோடு இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கச் சொல்லுங்கள், பிறகு முன்னுக்கு, பிறகு பின்சில்லுக்குப் பக்கத்தில். எங்கே காணாமல் போகிறார்கள் என்று பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது, சாவி உரிமையாளரின் கையில் இருக்கும்போது மட்டும். பள்ளிக்கூடங்களில் வீதிப் பாதுகாப்பு என்று மஞ்சள் கடவையைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ஒரு டிப்பரைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்தினால், ஒரு வகுப்புக்கு ஒரு பாட நேரம் போதும்.

கடைசியாக, பின்னுக்கு வருகிற லொறி. கல்முனைச் சந்தைப் பக்கம், அரிசி மில் வாசல், கட்டுகிற வீட்டு ஒழுங்கை, இங்கெல்லாம் லொறி பின்னுக்கு எடுக்கும்போது அதற்குப் பின்னால் நடந்தோ உருட்டியோ கடக்கவே வேண்டாம். கிளீனர் பின்னால் நின்று பெட்டியில் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் நம்ப வேண்டாம், அவர் பார்த்துக்கொண்டிருப்பது மதிலை.